ஹினோதானி அணையில் இரண்டு நாரைகள்

மூன்று நாளாக அந்த இரண்டு நாரைகளும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

மிசாவோ அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். முதல் நாள் கழுத்து மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. மறுநாள் நெஞ்சு தெரிந்தது. மூன்றாம் நாள் தண்ணீர் இன்னும் இறங்கி, சாம்பல் நிறத்தில் இரண்டும் பக்கம் பக்கமாக, ஒரே திசையைப் பார்த்தபடி சேற்றில் நின்றன. மீனுக்குக் காத்திருக்கிற நாரை ஒரு மணி நேரம் நிற்கும், இரண்டு மணி நேரம் நிற்கும். ராப்பகலாகவா நிற்கும்? சீக்குப் பறவையோ என்னவோ என்று நினைத்துக்கொண்டு, கொதிக்கிற மாசிக் கருவாட்டுச் சாற்றில் நுரையை வழித்து எடுத்தாள்.

ஹினோதானி அணை இப்படி அடிவரைக்கும் வற்றியது ஏழு வருஷத்துக்கு முந்தி ஒரு தடவைதான். அந்த வருஷத்தைப் பற்றி யாரும் மிசாவோவிடம் பேச்செடுப்பதில்லை.

ஜூன் மழை பொய்த்துவிட்டது. ஜூலையில் வந்த புயல் கொரியா பக்கம் ஒதுங்கிப் போனது. ஆகஸ்டு பாதியில் ஜப்பானின் தெற்குக் கொச்சி மாவட்டத்து மலைப்பக்கம் முழுக்க இஞ்சிச் செடி சுருண்டு மஞ்சள் பூத்தது. யூசு எலுமிச்சைக் காய்கள் கோலிக்குண்டு அளவிலேயே நின்றுபோயின. அணைக்குள் மூழ்கிக் கிடந்த பழைய ஊரின் கற்சுவர்கள் படிப்படியாக வெளியே வந்தன. பள்ளிக்கூட மைதானம் வந்தது, பாதி இடிந்த பாலம் வந்தது, கோயிலுக்கு ஏறுகிற கற்படிகள் வந்தன. எல்லாவற்றின்மேலும் ஒரே சாம்பல் வண்டல். காற்று அடிக்கும்போது மீன் அழுகிய வாடையும் பழைய கிணற்று வாடையும் கலந்து மேலே ஏறிவந்தது. சில்வண்டுகள்கூட மத்தியானத்தில் சத்தத்தை நிறுத்திவிட்டன.

அணையைச் சுற்றி வளைந்து போகிற சாலையோரம், மேல் வளைவில் இருந்தது மிசாவோவின் சாப்பாட்டுக் கடை. நாலு மேஜை, வெளியே ஒரு நீள பெஞ்சு. காலையில் தடித்த உதோன் நூடுல்ஸுக்கு மாவு பிசைந்து, காலால் மிதித்து, வெட்டி வேகவைத்துக் குளிர்ந்த நீரில் அலசிப் போடுவாள். வெயில் காலத்தில் யூசுச் சாற்றில் பனிக்கட்டி போட்டுக் கொடுப்பாள். அறுபத்துமூன்று வயதில் இடுப்பு வலித்தாலும் மாவை மிதிப்பதை மட்டும் விட்டதில்லை.

வாடிக்கையில் பாதிப்பேர் மோட்டார் சைக்கிள்காரர்கள். அதிலும் முக்கால்வாசி நாரைக்காரர்கள். நாரை என்றால் வண்டியின் பட்டப்பெயர். கம்பெனி வைத்த பெயர் நாலு எழுத்தும் நாலு எண்ணுமாக நீளமானது; அதை யாரும் சொல்வதில்லை. நீண்ட கழுத்து மாதிரி முன்னே நீட்டிய மூக்கு, பொத்தானை அழுத்தினால் எழும்புகிற கண்ணாடி, சிறகு ஒடுக்கினாற்போல இரண்டு பக்கமும் பெட்டி. நாள் முழுக்க ஓட்டினாலும் முதுகு நோகாது. இருபத்துமூன்று வருஷம் பெரிய மாற்றமில்லாமல் அதே வண்டியைப் போட்டுக்கொண்டே வந்தது கம்பெனி. வாங்கினவர்களும் ஒன்று தேய்ந்தால் அதையே மறுபடி வாங்கினார்கள். அந்த வசந்த காலத்தில் இனிமேல் போடுவதில்லை என்று அறிவிப்பு வந்தபோது, பழைய வாடிக்கைக்காரர் ஓனிஷி தோகுஷிமாவிலிருந்து கறுப்பு டை கட்டிக்கொண்டு வந்து கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு ஒப்பாரி மாதிரி ஏதோ பாடினார். மிசாவோகூடச் சிரித்துவிட்டாள்.

அவள் கணவர் தோகுஜி அந்த மாதிரி மூன்று வண்டி வைத்திருந்தவர். மூன்றாவதோடுதான் காணாமல் போனார்.

ஏழு வருஷத்துக்கு முன் செப்டம்பர் மாதம், புயலுக்கு முதல் நாள். காலையில் கஞ்சியும் ஊறுகாயும் சாப்பிட்டுவிட்டு, "நாளைக்கு மழை பிடிச்சுக்கும். ஒரு சுத்து போயிட்டு வந்துடறேன்" என்றார். ஜன்னல்களுக்குப் பலகை அடித்துவிட்டுப் போகச் சொன்னாள் மிசாவோ. "வந்து அடிக்கிறேன்" என்றார். "போங்க, போங்க. அதையே கட்டிக்கிட்டு எங்கயாவது கெடங்க" என்று இவள் கத்தினாள். அவர் தலைக்கவசத்தை இரண்டு விரலால் இரண்டு முறை தட்டிவிட்டுப் போனார். எதிரே வருகிற வண்டிக்காரனுக்கும் பெண்டாட்டிக்கும் அவருக்கு அது ஒன்றுதான் வணக்கம். கைபேசியை வழக்கம்போல அலமாரியில் மறந்து வைத்திருந்தார்.

அன்று மத்தியானமே மலைமேல் மழை பிடித்து, ராத்திரி முழுக்கக் கொட்டியது. விடிந்து பார்த்தால் வற்றிக் கிடந்த அணை நிரம்பித் தளும்புகிறது. கணவாய்ச் சாலையில் ஒரு பெரிய மண்சரிவு. அதற்குள் போயிருப்பார் என்று போலீஸ் மூன்று மாதம் மண்ணைத் தோண்டியது. ஒரு திருகாணிகூடக் கிடைக்கவில்லை.

*

மூன்றாம் நாள் சாயங்காலம் மகள் அசுசா வந்தாள். கிராம அலுவலகத்தில் வேலை. கையில் ஒரு உறை. அம்மா மிதித்த மாவின் மேல் ஈரத்துணி போட்டு மூடிவிட்டு, உறையை மேஜைமேல் வைத்தாள்.

"இது என்னடி?"

"உனக்கே தெரியும்மா. அடுத்த மாசத்தோட ஏழு வருஷம் முடியுது. குடும்ப கோர்ட்டுல மனு கொடுத்தா, இறந்துட்டதா எழுதிருவாங்க."

"எழுதிட்டா?"

"எழுதிட்டா ஒரு படம் வெச்சு ஊதுவத்தி ஏத்தலாம். ஊரெல்லாம் ஆகஸ்டுல செத்தவங்களைக் கும்பிட்டு வழியனுப்புறாங்க. நாம மட்டும் கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கோம். நீயும் ஏழு வருஷமா வாசக்கதவைத் தாப்பா போடாமத் தூங்குற."

"அவுகளைப் பாத்ததா இன்னும் ஆளுக வந்து சொல்லிக்கிட்டுத்தானே இருக்காக. போன மே மாசம்கூட ஓனிஷி தம்பி சொன்னாரு."

"ஓனிஷி மாமா சொல்றதையெல்லாமா? அவரு பஸ் ஓட்டுன காலத்துல கரடி ஏறி டிக்கெட் கேட்டுச்சுன்னு சொன்ன ஆளும்மா."

மிசாவோ எழுந்தாள். உறையை எடுத்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் சொருகினாள்.

மகளிடம் வாதாடினாளே தவிர, அந்தப் பேச்சுகளை அவளும் முழுதாக நம்பியதில்லை. நம்பாததற்கு அவளிடம் ஒரு காரணம் இருந்தது. இந்த ஏழு வருஷத்தில் ஏழெட்டுப் பேர் வந்து சொன்னார்கள். எல்லோரும் நாரைக்காரர்கள். ஒருத்தரை ஒருத்தர் அறியாதவர்களும் உண்டு. மூடுபனி நாளில், கணவாய்க்கு அந்தப் பக்கத்துச் சுரங்கப்பாதை தாண்டி, எதிரே நாரைகள் வந்தன என்பார்கள். இவர்கள் கையைத் தூக்க, முன்னால் வந்தவர் தலைக்கவசத்தை இரண்டு முறை தட்டினாராம். கண்ணாடியில் திரும்பிப் பார்த்தால் சாலை வெறுமனே கிடந்ததாம். மத்சுயாமாவில் நர்ஸ் வேலை பார்க்கிற ஒரு பெண், வாயைத் திறந்தால் அளந்து பேசுகிறவள், அவளும் இதையேதான் சொன்னாள். சொல்லிவிட்டு உதோனைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாள்.

ஆனால் எல்லோரும் சொன்னது இரண்டு வண்டி. எப்போதும் இரண்டு.

"அப்ப அது அவுக இல்ல" என்று மிசாவோ ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடுவாள். "அவுக யாரோடயும் சேர்ந்து போகமாட்டாக. தனியாப் போயித் தனியா வர்ற மனுசன்."

*

நாலாம் நாள் காலை பத்து மணிக்கு ஓனிஷி வந்தார். அறுபத்தொரு வயது, தொந்தி, வெயிலிலும் தோல் சட்டை. வண்டியை நிழலில் நிறுத்தி, அதன் மூக்கைத் தடவிக்கொடுத்துவிட்டு உள்ளே வந்தார்.

"மதினி, தண்ணி இருக்கா, இல்ல அணையோட சேந்து உங்க பானையும் வத்திப்போச்சா?"

"உமக்கு ஊத்துனா எந்தப் பானையும் வத்தத்தான் செய்யும். உக்காரும்."

"தோகுஷிமாவுல பாதி நேரம் குழாய்ல காத்துதான் வருது. என் சம்சாரம் சொல்றா, வண்டியைக் கழுவுனா வெட்டிப்போட்ருவேன்னு. இருபது வருசமா ஒரே வண்டி, கழுவாம எப்படி மதினி? குளிக்காமக்கூட நான் இருந்துருவேன்."

"வாசனையிலயே தெரியுது."

குளிர்ந்த உதோனும் துருவிய இஞ்சியும் அவர் முன்னே வைத்தாள். அவர் சர்ரென்று இழுத்துச் சாப்பிட்டார். அசுசா சொன்னது மனசில் உறுத்தவே, மிசாவோ அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"தம்பி, விளையாட்டு வேணாம். மே மாசம் நீர் பாத்ததை மறுபடி சொல்லும். கூட்டாம குறைக்காம."

ஓனிஷி கிண்ணத்தைக் கீழே வைத்தார். முகத்தில் இருந்த சிரிப்பு இறங்கிவிட்டது.

"சுரங்கத்துக்கு அந்தாண்ட பனி, மதினி. பத்தடிக்கு மேல தெரியல. ரெண்டு வெளிச்சம் வந்துச்சு. முன்னால வந்தது சாம்பல் நீலம், மூணாவதா வாங்குன கலரு. அண்ணன் வண்டிதான். தலையில ரெண்டு தட்டு தட்டுனாரு. பின்னால வந்தவன் கையைத் தூக்கல, தலையை மட்டும் குனிஞ்சான். நான் வண்டியத் திருப்பிக்கிட்டு ஓடுனேன். யாருமில்ல. ஆனா ஒண்ணு அன்னிக்கு உங்ககிட்டச் சொல்லல."

"என்ன?"

"ரோடு காஞ்சு கெடந்துச்சு. அதுல ரெண்டு டயர் ஓடுன ஈரத்தடம் இருந்துச்சு. நான் இறங்கித் தொட்டுப் பாத்தேன். மழைத்தண்ணி இல்ல மதினி. சேத்து வாடை அடிச்சுச்சு. கொளத்தடிச் சேறு."

மிசாவோவுக்குப் பேச்சை மாற்றவேண்டும் போல இருந்தது.

"சேறுன்னதும் ஞாபகம் வருது. அங்கன கீழ பாரும், ரெண்டு நாரை. நாலு நாளா நின்ன எடத்துலயே நிக்குது. பாவம், சீக்கா என்னன்னு தெரியல."

ஓனிஷி எழுந்து ஜன்னலருகே போனார். வெயில் நேராக இறங்கிக்கொண்டிருந்தது. கீழே கானல் நெளிந்தது. அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மிசாவோ கிண்ணத்தை எடுத்துக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பினால் அவர் இன்னும் அப்படியே நிற்கிறார், தோளிலிருந்து கால்வரை ஒரு அசைவில்லாமல்.

"என்ன தம்பி?"

"மதினி, உள்ள போயி உக்காருங்க."

"என்னன்னு சொல்லும்."

"அது பறவை இல்ல."

ஒரு மேகத்துண்டு விலகியிருக்கவேண்டும். கீழே, நாரையின் தலை இருந்த இடத்தில் ஏதோ ஒன்று சுள்ளென்று மின்னியது. வண்டல் உதிர்ந்த பக்கக் கண்ணாடி.

*

தீயணைப்புக்காரர்கள் வந்து பலகை போட்டுப் பாதை செய்ய மத்தியானம் ஆயிற்று. சாலை முனையில் வேலியைப் பிடித்துக்கொண்டு மிசாவோ நின்றாள். கையில் கரண்டி இருந்தது. அதை வைத்துவிட்டு வர அவளுக்குத் தோன்றவில்லை. அசுசா ஆபீசிலிருந்து ஓடிவந்து அந்தக் கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

தடுத்தும் கேளாமல் மிசாவோ கீழே இறங்கினாள். ஓனிஷி ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம்.

பள்ளிக்கூட மைதானத்தில், கற்சுவரின் ஒதுக்கில் நின்றன அந்த வண்டிகள். ஏழு வருஷம் தண்ணீருக்குள் இருந்த வண்டிகள் விழுந்திருக்கவேண்டும், புரண்டிருக்கவேண்டும். இவை நடு ஸ்டாண்டில் நேராக நின்றன. சக்கரத்தில் பாதிவரை வண்டல் ஏறி அவற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. பச்சைப் பாசி காய்ந்து நரைமுடி மாதிரி தொங்கியது. கைப்பிடிகள் இரண்டும் இடதுபக்கம் ஒரே அளவுக்குத் திரும்பியிருந்தன. இரண்டுக்கும் நடுவே ஒரு ஆள் உட்காருகிற இடைவெளி. யாரோ இப்போதுதான் நிறுத்திவிட்டு, பேசிக்கொண்டே அந்தப் பக்கம் நடந்து போனதுபோல இருந்தது. சுற்றிலும் சேற்றில் ஒரு காலடி கிடையாது. மைதானத்தின் மேல் ஒரு பறவை கிடையாது, ஒரு பூச்சி கிடையாது.

தீயணைப்புக்காரர் ஒருவர் ஒரு வண்டியின் எண் பலகையைத் துணியால் துடைத்தார். கொச்சி எண். மிசாவோவுக்குப் பார்க்கவேண்டியதே இல்லை. பெட்டி மூடியில் அவள் ஊறுகாய் ஜாடி விழுந்து ஏற்பட்ட சொட்டை இருந்தது.

"இன்னொன்னு யாரோடது?" என்றாள்.

துடைத்தார்கள். ஹிமேஜி எண்.

"தெரியுமா தம்பி?"

ஓனிஷி தலையை ஆட்டினார். "தெரியாது மதினி. நம்ம ஆளுகள்ல யாருக்கும் ஹிமேஜியில ஆள் கெடையாது." பிறகு, மைதானத்திலிருந்து மேலே சாலையை அண்ணாந்து பார்த்து, மெதுவாகச் சொன்னார்: "அண்ணன் மேல போயிருக்காரு. கீழ ஒத்தை நாரை நிக்கிறதைப் பாத்திருக்காரு. இறங்கிட்டாரு."

"ஏன் இறங்கணும்?"

"அது எங்க பழக்கம், மதினி. வண்டி முந்நூறு கிலோ. சாஞ்சா ஒத்தை ஆளால நிமித்த முடியாது. அதனால எங்க ஒரு நாரை தனியா நின்னாலும், பக்கத்துல நம்மதைக் கொண்டுபோயி நிறுத்தி, என்னான்னு கேட்டுட்டுத்தான் போகணும். எழுதுன சட்டம் கெடையாது. இருபத்துமூணு வருசமா யாரும் மீறுனது இல்ல."

அசுசா திரும்பி அவரைப் பார்த்தாள். பார்வையில் நெருப்பு இருந்தது. "ஒரு வண்டிக்காகவா மாமா?" என்றாள்.

கோயில் படிகளின் உச்சியில், அந்தப் பள்ளத்திலேயே உயரமான இடத்தில், மறுவாரம் அவர்களைக் கண்டெடுத்தார்கள். வண்டலுக்குள் இரண்டு பேரின் எலும்புகள், அருகருகே. போலீஸ்காரர் கையால் படம் போட்டு விளக்கினார். மைதானத்துக்கு வருவதற்கு ஆற்றுப் படுகையைக் கடக்கவேண்டும். மலைமேல் கொட்டிய மழையில் முதல் வெள்ளம் அங்கே பாதையை வெட்டிவிட்டது. மைதானம் தீவாகிவிட்டது. பிறகு தண்ணீர் மெதுவாக ஏற ஏற, அவர்களும் ஒவ்வொரு படியாக ஏறியிருக்கிறார்கள். நாற்பத்தொரு படி. அதற்குமேல் படி இல்லை.

மிசாவோ அழவில்லை. சாம்பல் பானையை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். படம் வைத்தாள். அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்த உறையைக் கிழித்து அடுப்பில் போட்டாள். ஊரே வந்து ஊதுவத்தி ஏற்றிவிட்டுப் போனது. முப்பது நாரைக்காரர்கள் வந்து சாலையோரம் வரிசையாக வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்து, தலை குனிந்து நின்றார்கள்.

அன்றைக்கு ராத்திரி அவள் வாசலைத் தாழ்போட்டாள். படுத்தவளுக்கு ஒரு எண்ணம் முள்ளாக ஏறியது. புயல் வரப்போகிற நாளில் வற்றின அணைக்குள் எவனாவது வண்டியை இறக்குவானா? யார் அந்த ஹிமேஜிக்காரன்? எதற்காக அங்கே வந்து நின்றான்? அவன் நிற்காவிட்டால் இவர் இறங்கியிருக்கமாட்டார். பலகை அடிக்க வந்திருப்பார். அந்த முகம் தெரியாத மனுசனை மனசாரச் சபித்தாள். நாள்தோறும், மாவு மிதிக்கிறபோதெல்லாம், ஒரு மிதிக்கு ஒரு சாபம்.

*

அக்டோபர் கடைசியில், யூசுக் காய் மஞ்சள் பூத்த நேரத்தில் ஒரு பெண் வந்தாள். அறுபதைத் தாண்டியவள். மழை தூறிக்கொண்டிருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி, குடையை மடக்காமல் கடை வாசலிலேயே நின்றாள். சாப்பிட வந்தவளாகத் தெரியவில்லை.

"உள்ள வாங்க. நனையுறீங்களே."

"நான் ஹிமேஜியிலேருந்து வர்றேன். கமேதா சத்சுகின்னு பேரு. அந்த இன்னொரு வண்டி என் தம்பியோடது."

மிசாவோ துடைத்துக்கொண்டிருந்த துணியை மேஜையில் வைத்தாள். உள்ளே வரச்சொன்ன வாயை மூடிக்கொள்ளத் தோன்றியது. அந்தப் பெண் அதைப் புரிந்துகொண்டவள் மாதிரி அங்கேயே குடையை விட்டு, ஈரத்தரையில் மண்டியிட்டு நெற்றி தரையில் பட வணங்கினாள்.

"எந்திரிங்க. எந்திரிங்கம்மா. மழையில என்ன இது."

உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தாள். சத்சுகியின் விரல்கள் தடித்துக் கறுத்திருந்தன. தோல் பதனிடும் பட்டறையில் நாற்பது வருஷம் வேலை. கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாளே தவிர குடிக்கவில்லை.

"கேக்கணும்னு நினைக்கிறீங்க. நானே சொல்லிடறேன்" என்றாள். "அந்த வருசம் வசந்தத்துல அவன் பொண்டாட்டி தவறிப் போயிட்டா. புள்ளைங்க இல்ல. அந்த வண்டி ஒண்ணுதான். செப்டம்பர்ல ஒரு நாள் காலைல போன் பண்ணி, அக்கா, எல்லாத்துக்கும் மன்னிச்சுடுன்னான். எங்கடா இருக்கேன்னா ஷிமானேல கடலோரம்னு பொய் சொன்னான். சாகத்தான் போயிருந்தான்."

மிசாவோ துணியை எடுத்து மேஜையின் அதே இடத்தை மறுபடி துடைத்தாள்.

"ஷிமானே முழுக்கத் தேடுனோம். இங்க இருக்கான்னு யாருக்குத் தெரியும்? இப்ப போலீஸ் சொல்லித்தான் தெரியும், பக்கத்துல இன்னொருத்தர் இருந்தாருன்னு. அதுக்கப்புறம்தான் எனக்கு ஒண்ணு புரிஞ்சது. அதைக் குடுத்துட்டுப் போகத்தான் வந்தேன்." அவள் பையிலிருந்து கைபேசியை எடுத்தாள். "அன்னிக்கு மத்தியானம் மூணேகாலுக்கு அவன் மறுபடி கூப்பிட்டிருக்கான். நான் பட்டறையில மெஷின் சத்தத்துல எடுக்கல. பேசிப் பதிவு பண்ணி வெச்சிருக்கான். நான் திருப்பிக் கூப்பிட்டப்ப போன் அணைஞ்சிருந்துச்சு. போனை மாத்துனப்பல்லாம் இதை மட்டும் மாத்தி மாத்திக் காப்பாத்தி வெச்சிருக்கேன். அதுல இன்னொரு குரல் வருது. ஏழு வருசமா அது யாருன்னு எனக்குத் தெரியல."

"வேணாம்" என்றாள் மிசாவோ. உடனே, "போடுங்க" என்றாள்.

முதலில் ஒரு கரகரப்பு. பிறகு ஒரு ஆணின் குரல், மூக்கடைத்த மாதிரி.

"அக்கா, நான்தான். காலைல சொன்னதை மறந்துடு. இங்க ஒருத்தர் வந்தாரு. என் வண்டி மாதிரியே வண்டி. சாஞ்சிடுச்சான்னு கேட்டாரு. இல்லேன்னேன். அப்ப நீ சாஞ்சிட்டியான்னு கேட்டாரு." ஒரு சிரிப்பு, அழுகைக்குப் பக்கத்தில் நிற்கிற சிரிப்பு. "ரெண்டு மணி நேரமா விடமாட்டேங்கிறாரு. காப்பி போடுறாரு. நான் வந்துடறேன் அக்கா. நாளைக்கு வந்துடறேன்."

தள்ளி இன்னொரு குரல் கேட்டது.

"யாரு, அக்காவா? இன்னிக்கு ராத்திரி எங்க வீட்டுலதான் சாப்பாடுன்னு சொல்லு. எங்க வீட்டுக்காரி காலைல கோவமா இருந்தா, இருந்தாலும் சோறு போட்ருவா. என்னைத்தான் பட்டினி போடுவா."

மிசாவோவின் கை மேஜை விளிம்பைப் பிடித்தது. ஏழு வருஷமாக அவள் நினைவில் வைத்திருந்த குரல் இதைவிடத் தடிமனாக இருந்தது. இது சின்னக் குரலாக, சந்தோஷமாக இருந்தது.

அந்தக் குரல்களுக்கு அடியில் வேறொன்று கேட்டது. முதலில் இல்லை. பிறகு இருந்தது. முறத்தில் யாரோ மொச்சை புடைக்கிற மாதிரி ஒரு சலசலப்பு. தூரத்தில். பிறகு அவ்வளவு தூரத்தில் இல்லை. சத்சுகிக்கு அது தெரியவில்லை. அவள் ஏழு வருஷமாக அதைப் போனின் கரகரப்பு என்று நினைத்திருந்தாள். அணைக்கரையில் நாற்பது வருஷம் வாழ்ந்தவளுக்கு அது என்னவென்று தெரியும். மலையில் மழை பெய்து ஆறு இறங்கி வருகிறபோது அப்படித்தான் கேட்கும்.

"காத்து எந்திரிச்சுருச்சு" என்றார் தோகுஜி, சாவகாசமாக. "அடுப்பு அணைஞ்சுரும். கொஞ்சம் இந்தப் பக்கமா உக்காரு தம்பி."

பதிவு அங்கே முடிந்தது.

வெளியே தூறல் வலுத்தது. சத்சுகி தலை குனிந்தபடி காத்திருந்தாள். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக வந்தவள் அவள்.

மிசாவோ அவளைப் பார்த்தாள். மிதித்த சாபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "உங்க தம்பி அப்புறம் சாக நினைக்கல" என்றாள்.

"இல்ல. நினைக்கல."

"ரெண்டு பேரும் சேர்ந்துதான் படி ஏறியிருக்காக."

"ஆமா."

மிசாவோ எழுந்து அடுப்பை மூட்டினாள். சாற்றுப் பானையை ஏற்றினாள். "கடைசி பஸ்ஸுக்கு நேரமிருக்கு. சாப்பிட்டுட்டுத்தான் போகணும். அவுக சொல்லிட்டாகல்ல." பின்பு கைகளைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தாள். "இன்னொரு தடவை போடுங்க."

சத்சுகி மறுபடி போட்டாள். கரகரப்பு, மூக்கடைத்த குரல், சிரிப்பு, காப்பி, சோறு. சலசலப்பு தொடங்கியதும் மிசாவோ மேஜைமேல் குனிந்து, அந்தச் சின்ன எந்திரத்துக்கு வெகு அருகில் வாயைக் கொண்டுபோனாள். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் முந்திக்கொண்டாள்.

"அது காத்தில்லைங்க" என்றாள். "எந்திரிச்சு வாங்க. அந்தத் தம்பியையும் கூட்டிக்கிட்டு, வண்டியை அங்கயே போட்டுட்டு வாங்க."